பதினோராம் பாரம்

நூற்று அறுபத்தொன்றாம் பக்கம் இருக்கிறது. என் பிரதியில் இல்லாத பக்கம் இந்த நாவலை எழுதிய பெண்ணின் பிரதியில் இருக்கிறது, விமர்சனக் கூட்ட மேடையில், என் முழங்கைக்குப் பக்கத்தில், தண்ணீர் பாட்டிலுக்கும் பேராசிரியரின் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில் கிடந்த பிரதியில். சும்மா கை நீட்டி எடுத்ததுதான். என்னுடையது பைக்குள், பை நாற்காலிக்கு அடியில், மேடையில் உட்கார்ந்துகொண்டு குனிந்தால் முப்பத்தைந்து பேருக்கும் என் உச்சந்தலை நரை தெரியும், எதற்கு வம்பு என்று கைக்கெட்டியதை எடுத்தேன். ஒரு மேற்கோள் சரிபார்க்க வேண்டியிருந்தது. நூற்று அறுபதாம் பக்கத்தின் கடைசி வரி, "அல்லி தாழ்ப்பாளின் மேல் கை வைத்து". அங்கே வாக்கியம் முடியாமல் நிற்கும். நின்றதும் என் பிரதியில் மறுபடி நூற்று நாற்பத்தைந்தாம் பக்கம் வரும், "விளக்கெண்ணெய் தடவிய தலையை வாரிக்கொண்டே தும்பை கேட்டாள், அக்கா, உள்ளே இருட்டா இருக்குமா?" இந்த இரண்டு வரியும் ஒட்டுகிற இடத்தைத்தான் இன்றைய என் பேச்சின் உச்சமாக வைத்திருக்கிறேன். இந்தப் பிரதியில் தாளைப் புரட்டினால் தலைவாரல் இல்லை, விளக்கெண்ணெய் இல்லை. நூற்று அறுபத்தொன்று. "நின்றாள். உள்ளேயிருந்து அக்கா என்று கேட்டது." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது வேறு பதிப்பா, வேறு புத்தகமா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இருள் கறப்பவர்கள், நாவல், சுபிக்ஷா, முதல் பதிப்பு. அதே கறுப்பு மாடு, அதே சிவப்புக் கண். என் பக்கத்து நாற்காலியில் அந்தச் சுபிக்ஷா, இருபத்தொரு வயது, பச்சைப் பட்டுப் புடவையைப் பின் குத்திக் குத்தி அடக்கி வைத்துக்கொண்டு, பேராசிரியர் நல்லசிவம் பேசுவதைக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அவர் முடித்ததும் நான் பேச வேண்டும். அவர் இன்னும் பழந்தமிழர் ஆநிரை கவர்ந்த காலத்திலேயே நிற்கிறார், நாவலுக்கு வந்து சேர நேரமாகும், நல்லவேளை, நேரமாகட்டும்.

பாரம். அந்த வார்த்தை இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம், அச்சகத்தில் பெரிய தாளை மடித்து மடித்துப் பாரம் பாரமாக அடுக்கித் தைப்பார்கள். அடுக்கியவர் பராக்குப் பார்த்திருக்கிறார். பத்தாம் பாரத்தை இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டுப் பதினோராம் பாரத்தை விட்டுவிட்டார், அவ்வளவுதான் விஷயம். நூற்று நாற்பத்தைந்திலிருந்து அறுபது வரை, மறுபடி அதே நாற்பத்தைந்திலிருந்து அறுபது வரை, அப்புறம் நேராக நூற்று எழுபத்தேழு. வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய் மாற்றி வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். நான் மாற்றவில்லை, ஏனென்றால் நான் சாதாரண வாசகி இல்லையே, இருபது வருடமாகச் சிற்றிதழ்களில் மதிப்புரை எழுதுகிற தமயந்தி இல்லையா, எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை, உத்தியாகத் தெரிந்தது. தங்கையைத் தொழுவத்துக்குள் அனுப்புகிற நாளை அக்காவின் மனசு தாண்ட மறுக்கிறது, ஆகவே கதை அதே நாளின் காலைக்குத் திரும்பிப் போய்விடுகிறது, அதே விளக்கெண்ணெய், அதே கேள்வி, ஒரு எழுத்து மாறாமல். பக்க எண்கூட மாறவில்லையே என்று பார்த்தேன், பார்த்துவிட்டு அதையும் விட்டுவைக்காமல், "பக்க எண்ணும் திரும்புகிறது, புத்தகத்தின் உடம்பிலேயே காலம் சுழல்கிறது" என்று எழுதி வைத்தேன். காணாமல் போன பதினாறு பக்கத்துக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன், வாசகர் நிரப்பிக்கொள்ள வேண்டிய மௌனம் என்று. பைண்டிங்காரரின் பராக்குக்கு இவ்வளவு பெரிய தத்துவம் சொன்னவள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது என் தாளோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு டப்பாவைக்கூட மூடாமல் இவளுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினேனே, அந்த நாள் மறுபடி வருகிற இடம் இருக்கிறதே அம்மா, அங்கேதான் நீ எழுத்தாளர் ஆகிறாய், மற்றதையெல்லாம் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று. இவள் பதில் போட இரண்டு மணி நேரமாயிற்று. "மேடம் அப்படியா தோணுச்சு உங்களுக்கு?" அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நன்றி மேடம்", ஒரு கும்பிடு. அடக்கம் என்று நினைத்தேன், இந்தக் காலத்துப் பெண்ணுக்கு என்ன அடக்கம் என்று அடுத்த மேஜை ஜெபசீலியிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

இதை நீக்கிவிட்டால் என்னிடம் என்ன மிச்சம்? மடியில் இருக்கிற தாளைப் பார்க்கிறேன். கோடு போட்டு இடது பக்கம் நிறை, வலது பக்கம் குறை. வலது பக்கம் நிரம்பி வழிகிறது. வெள்ளிக் கண்ணுள்ள பையன் ஒருத்தன், எதற்கு வருகிறான் என்று கடைசிவரை தெரியவில்லை, வரும்போதெல்லாம் அல்லியின் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது. "உறைந்து போனாள்" நாற்பத்தொரு தடவை, நான் எண்ணினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமையையே அதற்குக் கொடுத்தேன். ஊர்ப் பெரியவர்கள் ஒன்பது பக்கம் நின்றுகொண்டே சட்டம் சொல்கிறார்கள், டப்பிங் சீரியலில் பேசுகிற மாதிரி, இது உன் விதி, இதிலிருந்து நீ தப்ப முடியாது. முன்னால் மூன்று பக்கத்துக்கு வரைபடம், அதில் இருக்கிற ஆற்றுக்குக் கதையில் வேலையே இல்லை. கடைசி எழுபது பக்கம் பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம், இரண்டாம் பாகத்துக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு முடிகிறது. இடது பக்கத்தில் தொழுவம் இருக்கிறது. அது எழுந்து நிற்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. சூரியன் மறையாத ஊர், யாருக்கும் தூக்கம் வராது, பதினாறு வயதுப் பெண்கள் தரைக்கு அடியில் இருக்கிற தொழுவத்தில் கறுப்பு மாடுகளிடமிருந்து இருளைக் கறந்து கொண்டுவந்து வீட்டு வீட்டுக்குத் தெளித்தால்தான் சனங்கள் கண் மூடலாம். கன்று இல்லாமல் எந்த மாடும் மடி இறக்காது, அதற்காக வருடத்துக்கு ஒரு சிறுமியைக் கன்றாக உள்ளே விட்டுக் கதவைத் தாழிட வேண்டும். இந்த வருடம் அல்லியின் தங்கை தும்பை. மடியைக் கழுவுகிற கை, காம்பை இழுக்கிற விரல், செம்பில் விழுகிற முதல் இருளின் சத்தம், அதெல்லாம் படித்து வருவதில்லை, இவள் வீட்டில் மண்ணச்சநல்லூரில் இரண்டு மாடு நிற்கிறதாம், இவளே கறப்பாளாம், பார்மஸி படிக்கிற பெண். இவள் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் எவர்சில்வர் தூக்கு. தொழுவம் சரி. தொழுவத்துக்குப் பிறகு இடது பக்கம் முழுக்க அந்தத் திரும்பி வருகிற நாள்தான், இரண்டு முறை அடிக்கோடு போட்டு. அதைப் படித்தபோது அழுதேன். அதை என்ன செய்வது? முதல் தடவை படித்தபோது அழவில்லை, நாள் திரும்பி வந்ததும்தான், விளக்கெண்ணெய் என்ற வார்த்தையை இரண்டாம் தடவை பார்த்ததும்தான் பொங்கிக்கொண்டு வந்தது. யாரும் எழுதாத ஒன்றைப் படித்து ஒருத்தி அழ முடியுமா? அழுதது பொய்யா, இல்லை அது என் சொந்த அழுகையா, புத்தகத்துக்குப் போக வேண்டியதில்லையா? என் தங்கை சுமித்ராவுக்கும் விளக்கெண்ணெய்தான் தடவுவோம். உடம்புச் சூட்டுக்கு என்று. அவளுக்கு மூச்சிழுப்பு இருந்தது, தேங்காயெண்ணெய் சேராது என்று அம்மா சொல்வார். பதினைந்து வயதில் போனவளுக்கு எதுதான் சேர்ந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார், உறையூர் வீட்டில் மதியம் மூன்று மணி. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

பேராசிரியர் தண்ணீர் குடிக்கிறார். முடிக்கப் போகிறாரோ, இல்லை, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு "இருள் என்ற சொல்லை எடுத்துக்கொண்டால்" என்று ஆரம்பிக்கிறார். புத்தகத்தை மேஜைக்குக் கீழே இழுத்து மறுபடி புரட்டுகிறேன், அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அப்போதுதான் அந்தப் பென்சில் கோடு கண்ணில் படுகிறது. மூலைக்கு மூலை பெருக்கல் குறி. ஒரு பக்கத்தில் இல்லை, எல்லாப் பக்கத்திலும், எழுபத்தாறு வரைக்கும், பதினாறு பெருக்கல் குறி. அறுபத்தொன்றின் தலைமாட்டில் சின்ன எழுத்தில், "இ.ப. நீக்கவும். அதே நாள் மறுபடி. (தமயந்தி மேடம்)". இ.ப. என்றால் இரண்டாம் பதிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. என் பெயருக்கு அடைப்புக்குறி போட்டிருக்கிறாள், மருந்துச் சீட்டில் டாக்டர் பெயர் மாதிரி. இவளுக்குத் தெரியும். இரண்டு வாரமாகத் தெரியும். நான் எதைப் படித்துவிட்டு எதைப் புகழ்ந்தேன் என்று உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். அவள் பக்கம் சாய்ந்தேன். "ஏம்மா, என் காப்பியில பாரம் மாறிப்போச்சுன்னு உனக்குத் தெரியுமா?" அவள் முகத்தைத் திருப்பாமல், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "தெரியும் மேடம்" என்றாள். "அப்ப ஏன் சொல்லல?" "சொல்லலாம்னுதான் டைப் பண்ணேன். அழிச்சுட்டேன். நீங்க சொன்னது நான் எழுதினத விட நல்லா இருந்துச்சு மேடம்." "எடுக்கப் போறியா இதை?" "நாளைக்குக் காலையில ஃபைல் அனுப்பணும் மேடம். கருணாமூர்த்தி சார் ஓகே சொல்லிட்டாரு. செலவும் இல்ல, பதினாறு பக்கத்துக்குப் பதினாறு பக்கம்." புடவைப் பின்னைச் சரிசெய்துகொண்டே, "அந்தப் பக்கம் யாருக்குமே பிடிக்கல. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், ரெண்டு நாள் எங்கூடப் பேசல" என்றாள். கருணாமூர்த்தி பதிப்பாளர், இன்றைய கூட்டத்துக்கும் அவர்தான் எல்லாம், மேடை ஓரத்தில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சைகை காட்டுகிறார், பேசாதீர்கள், வீடியோ ஓடுகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாளைக்குக் காலை. என்னால் பதினாறு பக்கம் சாகப் போகிறது, நான் படிக்கக்கூட இல்லாத பதினாறு பக்கம்.

படித்தால்தானே தெரியும், படித்துவிடுவோம், பேராசிரியர் இருக்கிறார், அவர் இருக்கும் வரைக்கும் பயமில்லை. அல்லி தாழ்ப்பாளின் மேல் கை வைத்து நின்றாள். உள்ளேயிருந்து அக்கா என்று கேட்டது. முதல் தடவை கேட்டது பயத்தில் கூப்பிட்ட மாதிரி இல்லை, செம்பு எங்கே வைத்தாய் என்று கேட்பதற்குக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் தடவையும் கேட்டது. கதவைத் திறக்கக் கூடாது என்று யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் போய்விட்டார்கள். தாழ்ப்பாள் இலகுவாகத்தான் இருந்தது. தூக்கம் வரப் போகிறது என்று அல்லி நினைத்தாள், இன்றைக்கு ஊருக்கே தூக்கம் வரும், எனக்கும் வரும், நான் தூங்கி எத்தனை நாளாயிற்று. அவ்வளவுதான் நினைத்தாள். ஐயோ, இந்தப் பெண் எங்கிருந்து பிடித்தாள் இதை. உறைந்து போனாள் என்று ஒரு இடத்தில்கூட இல்லை, தேடித் தேடிப் பார்க்கிறேன், பதினாறு பக்கத்தில் ஒருத்தியும் உறையவில்லை. வெள்ளிக் கண் பையன் வரவில்லை. விதி என்று யாரும் பேசவில்லை. குறை இல்லாமல் இல்லை, அறுபத்தெட்டாம் பக்கத்தில் வாக்கியம் இடறுகிறது, எழுபதில் ஒரே உவமை இரண்டு முறை வருகிறது, ஆனால் அதெல்லாம் ஓடுகிறவள் கால் தடுக்குவதுதான். மூன்றாம் தடவை அக்கா என்று கேட்கும்போது அல்லி பதில் சொல்லவில்லை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் வராமல் படியேறுகிறாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஒண்ணும் கேக்கல, அவ கூப்பிடவே இல்ல" என்கிறாள். பிறகு ஐந்து பக்கத்துக்கு அந்தப் பொய்யை எப்படிச் சரியாகச் சொல்வது என்று தனியாகச் சொல்லிப் பார்க்கிறாள், குரலை மாற்றி மாற்றி. எழுபத்திரண்டாம் பக்கத்தில் புத்தகத்தைத் தொடைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஆட்கள் வந்து நிறைவதற்கு முன்னால், தூங்கிட்டேம்மா, தூங்கிட்டேன், நல்லா தூங்கிட்டேம்மா. எது இயல்பாக இருக்கிறது என்று பார்த்தேன். பதினெட்டு வயது எனக்கு. தூங்கவில்லை. சுமித்ரா கூப்பிட்டது கேட்டது. நான் அடுத்த அறையில் குப்புறப் படுத்துக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன், அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிடுவாள், தண்ணி குடு, தலைகாணிய நிமித்து, எந்தக் கூப்பாடு கடைசிக் கூப்பாடு என்று எனக்கு எப்படித் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்டுக்கேட்டு முப்பத்துநாலு வருடமாயிற்று. அழுதது இப்போது புரிகிறது. அந்த நாள் மறுபடி வந்ததும் அழுதேனே, அது கலைக்கு அழுத அழுகை இல்லை, கதவுகிட்டே போகவே வேண்டாம், தாழ்ப்பாளில் கை வைத்ததோடு நின்றுவிடலாம், திரும்பத் திரும்பக் காலையிலேயே இருக்கலாம் என்று ஒரு புத்தகம் எனக்குச் சலுகை கொடுத்துவிட்டது, அந்த நிம்மதியில் அழுதேன். அந்தச் சலுகையைத்தான் உயர்ந்த இலக்கியம் என்று இந்தப் பெண்ணுக்கு எழுதி அனுப்பினேன்.

அப்படியானால் இந்தப் பக்கங்கள் நல்லவை. அப்படித்தானா? இல்லை, இது என்னைக் குத்துகிறது என்பதால் நல்லது என்கிறேனா? அன்றைக்கு ஆறுதல் தந்தது, நல்லது என்றேன், இன்றைக்கு வலிக்கிறது, நல்லது என்கிறேன், இரண்டிலும் நான்தான் இருக்கிறேன், புத்தகம் எங்கே இருக்கிறது? யாருக்குமே பிடிக்கவில்லை என்கிறாளே, யாருக்கும் என்றால் எத்தனை பேர், ஒரு அம்மா, நாலு சிநேகிதிகள், கருணாமூர்த்தி. கருணாமூர்த்தி புத்தகத்தின் கனத்தைப் பார்ப்பார், உள்ளே என்ன என்று பார்க்க மாட்டார். பேசாமல் தாளில் இருப்பதை அப்படியே படித்துவிட்டு இறங்கிவிடலாம். சுபிக்ஷா வாயைத் திறக்க மாட்டாள். இங்கே பாதிப் பேர் படிக்கவில்லை, படித்தவர்கள் தங்கள் பிரதியில் இல்லையே என்று குழம்புவார்கள், பின்நவீனத்துவம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள், நாளைக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டால் நான் சொன்னது உண்மையாகிவிடும், என் பிழை அச்சேறிவிடும், யாருக்கும் தெரியாது. இல்லையென்றால் தொழுவத்தைப் புகழ்ந்து, வெள்ளிக் கண்ணனைக் கண்டித்து, நடுவில் இதைத் தொடாமல் தாண்டிவிடலாம், அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, இந்தாம்மா அதை எடுக்காதே என்று சொல்லலாம். சொன்னால் கேட்பாளா? ஏன் மேடம், அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க, மேடையில ஒண்ணும் சொல்லல, இப்ப இப்படிச் சொல்றீங்க என்பாள். நியாயம்தானே. என் வாயால் கெட்டதை என் வாயால்தான், அதுவும் நாலு பேர் முன்னால்தான்... கைதட்டுகிறார்கள். எதற்கு? பேராசிரியர் உட்காருகிறார், எப்போது முடித்தார், நாவலின் பெயரைச் சொன்னாரா இல்லையா. கருணாமூர்த்தி மைக்கில் என்னைப் பற்றி என்னென்னவோ சொல்கிறார், சமரசமற்ற விமர்சகர், காப்பீட்டு அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே, கறாரான, என்கிறார். கூடவே கதர்த் துண்டு வருகிறது. இந்த ஊரில் பேசுவதற்கு முன்னாலேயே துண்டைப் போர்த்திவிடுவார்கள். துண்டு தோளில் ஏறிய பிறகு யாரையும் திட்ட முடியாது, குளிரடிக்கிறவள் மாதிரி நின்றுகொண்டு வாழ்த்த வேண்டியதுதான். போர்த்தியது சுபிக்ஷா. குனிந்து என் காதருகே, "மேடம், பரவால்ல மேடம், நீங்க எழுதிட்டு வந்ததையே படிங்க" என்றாள். என் மானத்தை இவள் காப்பாற்றப் பார்க்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது, நிஜமாகவே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

மைக் உயரமாக இருந்தது, பேராசிரியர் உயரம். இறக்கத் தெரியாமல் அண்ணாந்துகொண்டே பேசினேன். "என் பிரதியில் நூற்று அறுபத்தொன்றிலிருந்து நூற்று எழுபத்தாறு வரைக்கும் இல்லை" என்றேன். கூட்டத்திலிருந்து ஒருவர், கடையில் மாற்றிக் கொடுப்பார்கள் என்று சொன்னார், சிரித்தார்கள். அதற்குப் பதிலாக முந்தின பதினாறு பக்கம் இரண்டு தடவை இருந்தது என்றும், அதை நாவலாசிரியரின் உத்தி என்று நினைத்து மூன்று பக்கத்துக்குப் பாராட்டி எழுதி வந்திருக்கிறேன் என்றும், பக்க எண் சுழல்வதைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறேன் என்றும் சொன்னேன். இப்போது நன்றாகவே சிரித்தார்கள், பேராசிரியர் தோள் குலுங்கச் சிரித்தார், கருணாமூர்த்தி மட்டும் சிரிக்காமல் மேடை ஓரத்திலிருந்து, "மேடம், அது ஒண்ணு ரெண்டு காப்பிதான் மேடம், வேற குடுத்துடறேன், நீங்க நிறைகளைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். தொழுவத்தைச் சொன்னேன், வெள்ளிக் கண் பையனை அடுத்த பாகத்தில் எங்கேயாவது தொலைத்துவிடச் சொன்னேன், அதற்கும் சிரிப்பு. அப்புறம் சுபிக்ஷாவின் பிரதியைத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பதினாறு பக்கத்தையும் அடுத்த பதிப்பில் எடுத்துவிடப் போகிறார்கள், என் பேச்சைக் கேட்டு. எடுக்காதே அம்மா. இந்தப் புத்தகத்தில் பயமில்லாமல் எழுதிய இடம் இது ஒன்றுதான்" என்றேன். சிரிப்பு நின்றது. திரும்பிச் சுபிக்ஷாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா எழுந்து நின்றிருந்தார், தூக்கை நாற்காலியில் வைத்துவிட்டு. "ஏங்க, நான் படிச்சவ இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார், மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்கிற குரல், மாட்டை ஓட்டிப் பழகிய குரல். "மத்ததெல்லாம் சரிங்க, பேய் வரட்டும், பிசாசு வரட்டும், கதைதான. ஆனா கூடப் பொறந்தவ கூப்பிடறது காதுல விழுது. விழுந்தும் போகாம ஒரு அக்கா இருப்பாளா? இவளுக்கும் ஒரு தங்கச்சி இருக்கு வீட்ல, அது இதப் படிச்சா என்ன நெனைக்கும்? அப்படி ஒருத்தி உலகத்துல இருப்பாளாங்க? நீங்களே சொல்லுங்க." கருணாமூர்த்தி, "அம்மா, கேள்வி நேரம் அப்புறம் இருக்கும்மா" என்று கையமர்த்தினார். அந்த அம்மா உட்காரவில்லை. கலைநயம், கதாபாத்திரத்தின் உளவியல், இருண்மை இலக்கியத்தின் மரபு, எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன, ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. சுபிக்ஷா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்கிறேனோ அதன்படி நாளைக்குக் காலை செய்வாள். மேடையைவிட்டு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. 

"இருப்பாம்மா" என்றேன். "என் தங்கச்சி கூப்பிட்டப்ப நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். அரைப் பக்கம் பாக்கி இருந்துச்சு. முடிச்சுட்டுப் போலாம்னு இருந்தேன்."